ஸ்பைக் நட்ட பின் தாமதமாக விழும் கணைகள்: தோட்டப்புற நகர வாலரண்ட் அணி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய குடியிருப்புகளைச் சேர்ந்த ஐந்து தமிழ் இளைஞர்கள் அமைத்த வாலரண்ட் அணியில் நடந்தது இங்கே பதிவு செய்யப்படுகிறது. இருவர் ஐந்தாம் படிவ மாணவர்கள். ஒருவர் ஆறாம் படிவம் பயில்பவர். ஒருவர் செம்பனை ஆலையில் ஷிஃப்டு வேலை செய்பவர். இன்னொருவர் மோட்டார் சைக்கிள் பட்டறையில் தொழில் கற்பவர். வார நாள்களில் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து இயங்கலையில் இணைவார்கள். சனிக்கிழமைகளில் நகரத்துக் கடைவரிசையின் மேல்மாடியில் உள்ள சைபர் கஃபேயில் ஒன்றாக அமர்ந்து ஆடுவார்கள். அவர்களின் பயிற்சிக்குப் பொறுப்பாளராக இருந்தவன் என்ற முறையில், அண்டை நகர அணிகளுடன் மோதிய ஒரு சிறிய போட்டித் தொடரில் தென்பட்ட சிக்கலையும் அதன் பிறகு எடுத்த முடிவுகளையும் எழுதுகிறேன். இதே நிலையில் உள்ள பிற தோட்டப்புற அணிகளுக்கு இது நேரடியாகப் பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

ரயட் கேம்ஸ் நிறுவனம் 2020 ஜூன் 2இல் வெளியிட்ட வாலரண்ட், ஐவர் கொண்ட இரு அணிகள் மோதும் உத்தி சார்ந்த துப்பாக்கி விளையாட்டு. முதலில் 13 சுற்றுகளை வெல்லும் அணிக்கே ஆட்டம். தாக்கும் அணி ஸ்பைக் என்னும் வெடிப்பொறியை, ஆட்டக்களமான வரைபடத்தில் அதற்கெனக் குறித்த ஒரு தளத்தில் நட வேண்டும்; நடுவதற்கு 4 விநாடி ஆகும். நட்ட 45 விநாடியில் அது வெடிக்கும். காக்கும் அணி அதற்குள் அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். அந்த டிஃப்யூஸ் வேலைக்கு 7 விநாடி பிடிக்கும். பாதி வரை, அதாவது 3.5 விநாடி வரை செய்துவிட்டு எழுந்து ஓடினாலும் அந்தப் பாதி அழியாமல் நிற்கும். திரும்பி வருபவர் மீதி 3.5 விநாடியை மட்டும் முடித்தால் போதும். இந்த நிகழ்வில் நடந்தவை எல்லாம் இந்த இரண்டு எண்களைச் சுற்றியே நடந்தன.

இவர்களின் தாக்குதல் முறை சோவா என்ற பாத்திரத்தை நம்பியிருந்தது. சோவா வில்லேந்தியவர். அவருடைய ஷாக் போல்ட் எனப்படும் மின்கணை, விழுந்த இடத்தைச் சுற்றி மின்வெடிப்பை உண்டாக்கும். ஒரு சுற்றில் இரண்டு மின்கணைகள் வரை வைத்திருக்கலாம். ஒன்றின் விலை 150 கிரெடிட் (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்). ஸ்பைக்கை நட்டுவிட்டு ஐவரும் தளத்தை விட்டு விலகி, தொலைவில் ஓரிடத்தில் மறைந்திருந்து, எதிரி டிஃப்யூஸ் செய்யக் குனியும் ஓசை கேட்டதும் சோவா ஆடுபவர் இரண்டு கணைகளையும் வானில் ஏவி ஸ்பைக்கின் மேலேயே விழச் செய்வது அவர்களின் திட்டம். சோவா ஆடியவரை இனிக் கணையாளர் என்றே குறிப்பிடுகிறேன்.

கணை செல்லும் முறை

சிக்கல் எங்கே பிறந்தது என்பதைப் புரிந்துகொள்ள, துப்பாக்கிக் குண்டுக்கும் கணைக்கும் இந்த விளையாட்டில் உள்ள வேறுபாட்டை முதலில் சொல்ல வேண்டும். வாலரண்டில் துப்பாக்கிக் குண்டு பறப்பதில்லை. பொத்தானை அழுத்திய அந்தக் கணமே, குறி எந்தக் கோட்டில் இருந்ததோ அந்தக் கோட்டில் யார் நின்றார் என்று சர்வர் கணக்கிட்டு முடிவைச் சொல்லிவிடும். கணை அப்படி அல்ல. அது ஏவப்பட்ட பிறகு உலகில் ஒரு பொருளாகவே இருக்கிறது. சர்வர் விநாடிக்கு 128 முறை அதன் இடத்தைப் புதுப்பித்து, ஈர்ப்பால் அதைக் கீழே வளைத்து, சுவரில் பட்டால் தெறிக்கச் செய்து, கடைசியில் படும் இடத்தில் வெடிக்க வைக்கிறது. ஏவிய கணத்துக்கும் வெடித்த கணத்துக்கும் இடையில் எதிரி என்ன செய்தாலும் கணை தன் பாதையை மாற்றிக்கொள்ளாது.

அந்தப் பாதையை நிர்ணயிப்பவை நான்கு: நிற்கும் இடம், குறி வைக்கும் புள்ளி, நாணை எவ்வளவு இழுத்தோம் என்பது, எத்தனை தெறிப்பு வைத்தோம் என்பது. நாணை இழுக்க இழுக்கத் தூரம் கூடும். தெறிப்பைச் சுழியம் முதல் இரண்டு வரை ஆடுபவரே அமைத்துக்கொள்ளலாம். நான்கும் மாறாவிட்டால் கணை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் விழும். இதனால்தான் ஆட்டக்காரர்கள் சுவர் மூலையில் உடலை ஒட்டி நிறுத்தி, கூரையின் ஒரு முனையையோ கம்பத்தின் நுனியையோ பார்த்துக் கணை விடும் லைன்-அப் முறையை மனப்பாடம் செய்கிறார்கள். எதிரில் உள்ள ஸ்பைக்கை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காமலே அதன் மேல் கணையை இறக்க இது வழிசெய்கிறது.

வெடிப்பின் சேதம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. நடுவில் நிற்பவருக்கு அதிகபட்சமாக 75. விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லக் குறையும். கனக் கவசம் வாங்கிய எதிரிக்கு 100 உயிரும் 50 கவசமும் சேர்ந்து மொத்தம் 150. ஆக, அடி எதுவும் வாங்காத கனக் கவச எதிரியை இரண்டு மின்கணைகள் கொல்ல வேண்டுமானால் இரண்டுமே நடுவில் விழ வேண்டும். சற்று விலகினாலும் அவர் சொற்ப உயிருடன் தப்பி டிஃப்யூஸை முடித்துவிடுவார்.

போட்டித் தொடரில் கண்டது

தொடரின் முதல் நாளில் அணி ஸ்பைக்கை நடுவதில் குறை வைக்கவில்லை. அசென்ட் வரைபடத்தின் ஏ தளத்தைப் பிடிப்பதில் அவர்கள் நன்கு தேறியிருந்தார்கள். நட்ட பிறகுதான் சுற்றுகள் கைவிட்டுப் போயின. ஆட்கள் எண்ணிக்கையில் முன்னிலையில் இருந்த சுற்றுகளைக்கூட இழந்தபோது அணிக்குள் சலிப்பு வந்தது. இணைய இணைப்பின் மேல்தான் எல்லோரும் பழி போட்டார்கள். “லாக் அடிக்குது அண்ணே, அதான் டார்ட் லேட்டா விழுது” என்றார் ஆலையில் வேலை செய்பவர். கணையாளரின் வாதம் வேறு: “நான் விட்ட இடத்துலதான் விழுந்துச்சு அண்ணே. அவன் அங்க இல்லன்னா நான் என்ன செய்றது?”

இருவர் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவோ தள்ளிவிடவோ காரணம் இல்லை என்பதால், அன்றைய திரைப்பதிவுகளை மறுநாள் மாலை ஒன்றாக அமர்ந்து, ஸ்பைக் நட்ட சுற்றுகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றிலும் டிஃப்யூஸ் ஓசை தொடங்கிய நொடி, கணை வில்லை விட்ட நொடி, வெடித்த நொடி ஆகிய மூன்றையும் ஒரு பள்ளிக் கணிதப் புத்தகத்தில் குறித்தோம்.

இணைப்பு பற்றிய சந்தேகம் முதலில் தீர்ந்தது. இந்த வட்டாரத்திலிருந்து சிங்கப்பூர் சர்வருக்குச் செல்லும் தாமதம், திரையின் மூலையில் காட்டியபடி, சில பத்து மில்லி விநாடிகள்தான். நாங்கள் இழந்த நேரமோ முழு விநாடிகளில் இருந்தது. கைப்பேசி இணைப்பைப் பகிர்ந்து ஆடிய ஒருவருக்கு அவ்வப்போது தரவு தவறியது உண்மை; ஆனால் அவர் கணையாளர் அல்லர்.

கணையாளர் சொன்னதும் பதிவில் உறுதியானது. அவருடைய கணைகள் ஸ்பைக்கின் மேலேயேதான் விழுந்தன. குறியில் பிழை இல்லை. அப்படியிருந்தும் சுற்றுகள் போனதற்கு மூன்று வகைக் காரணம் தெரிந்தது.

முதல் வகையில், எதிரி டிஃப்யூஸ் பொத்தானை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உடனே எழுந்து ஒதுங்கியிருக்கிறார். ஓசை கேட்ட மாத்திரத்தில் கணையாளர் இரண்டு கணைகளையும் விட்டுவிட்டார். அவை வெற்றிடத்தில் வெடித்ததும் எதிரி நிதானமாகத் திரும்பி வந்து முழு 7 விநாடியும் குனிந்திருந்தார்.

இரண்டாம் வகை, இதே ஏமாற்றுக்கு அஞ்சிக் கணையாளர் காத்திருந்த சுற்றுகள். அவர் உறுதிசெய்துகொண்டு ஏவியபோது பாதி டிஃப்யூஸ் முடிந்திருந்தது. கணை வெடிக்கும் முன் எதிரி விலகினார். மீண்டும் வந்தபோது மீதி 3.5 விநாடி மட்டுமே தேவைப்பட்டது. அடுத்த கணை இன்னும் வானில் இருக்கும்போதே சுற்று முடிந்தது.

மூன்றாம் வகை எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. ஒரு சுற்றின் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ஸ்பைக் தளத்தின் திறந்த பகுதியில் நடப்பட்டிருந்தது. எதிரி அதன் வடபுறம் குனிந்திருக்கிறார்; நீல மின்வெடிப்பு ஸ்பைக்கின் உச்சியில் மையம் கொண்டு பரவுகிறது; அவர் அதன் நடுவில் இல்லை, ஒரு கையளவு தள்ளி இருக்கிறார். இரண்டாவது கணையும் அதே புள்ளியில் வெடிக்கிறது. இரண்டும் பட்டும் அவர் சாகவில்லை. லைன்-அப் ஸ்பைக்குக்குச் சரியாக அமைந்திருந்தது. ஆனால் அடிக்க வேண்டியது ஸ்பைக்கை அல்லவே.

நேரக் கணக்கு

இந்தப் பதிவுகளிலிருந்து ஒரு கணக்குப் பிறந்தது. கணையாளர் பயன்படுத்திய நெடுந்தூர லைன்-அப்பில் கணை உயரமாக ஏறி இறங்கியது. வில்லை விட்டது முதல் வெடிப்பு வரை மூன்று விநாடிக்கும் மேல் ஆனதாகப் பதிவுகள் காட்டின. எதிரி பாதியை எட்டுவதற்கு முன், அதாவது 3.5 விநாடிக்குள் முதல் அடி விழ வேண்டுமானால், ஓசை கேட்ட அரை விநாடிக்குள் ஏவியாக வேண்டும். அந்த அரை விநாடியில் எதிரி தட்டி ஏமாற்றுகிறாரா உண்மையிலேயே குனிந்திருக்கிறாரா என்று அறிய வழியே இல்லை. காத்திருந்தால் பாதி போய்விடும். காத்திராவிட்டால் கணை வீணாகும். இந்த இடுக்கிலிருந்து குறி வைக்கும் திறமையால் வெளியே வர முடியாது.

இதில் இன்னொரு செலவும் மறைந்திருந்தது. ஓசை வரும்வரை கணையாளர் துப்பாக்கியையே கையில் வைத்திருந்தார். வில்லைக் கையில் எடுத்தால் துப்பாக்கி சுட முடியாது. யாராவது பின்னால் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் இயல்பானதுதான். ஆனால் ஓசை கேட்ட பிறகு வில்லை எடுத்து, மூலைக்கு நகர்ந்து, குறியைப் பொருத்தி, நாணை முழுதும் இழுத்து விடுவதற்குள் பறக்கும் நேரத்துக்கு இணையான நேரம் போயிருந்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, நெடுந்தூர லைன்-அப்பைக் கைவிட்டு, ஏ மெயின் (தாக்குபவர் ஏ தளத்துக்குள் நுழையும் முதன்மை வழி) பக்கம் தளத்துக்கு அருகில், தாழ்வாகப் பறக்கும் குறுகிய லைன்-அப் ஒன்றை அமைப்பது. விளையாட்டுக்குள் தங்களுக்கென உருவாக்கிய பயிற்சி ஆட்டத்தில், கணை போன்ற திறன்களை வரம்பின்றிப் பயன்படுத்தும் அமைப்பை இயக்கி, ஒருவர் டிஃப்யூஸ் செய்ய மற்றவர் கணை விட, வேறொருவர் கைப்பேசியில் நேரம் பார்க்க, பல மாலைகளில் இடம் தேடினார்கள். இறுதியில் தேர்ந்த இடத்தில் பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை விநாடி. அப்படியானால் ஓசை கேட்டபின் கணையாளருக்கு ஒரு விநாடிக்கும் மேல் காத்திருக்க இடம் உண்டு. அதற்குப் பிறகு ஏவினாலும் முதல் கணை பாதிக்கு முன்பே விழும். தட்டி ஓடுபவர் பெரும்பாலும் அந்த ஒரு விநாடிக்குள் எழுந்துவிடுவார் என்பதைப் பதிவுகள் காட்டியிருந்தன.

கணையாளர் இதை எளிதில் ஏற்கவில்லை. வலையொளிக் காணொளிகளைப் பார்த்துத் தான் கற்ற நெடுந்தூர இடங்களில் தன்னை யாரும் நெருங்க முடியாது, அருகில் நின்றால் தேடி வந்து சுட்டுவிடுவார்கள் என்றார். அவர் அச்சம் நியாயமானது. அதை மறுத்துப் பேசுவதைவிட அதற்கு விலை கொடுப்பதே சரி என்று முடிவு செய்தோம். அதனால் இரண்டாவது முடிவு: ஸ்பைக் நட்டதும் பட்டறைத் தம்பி கணையாளரின் முதுகுப்புறம் காவல் நிற்பார், அவர் நிற்கும்வரை கணையாளர் வில்லைக் கையிலேயே வைத்து, குறியைப் பொருத்தியபடி காத்திருப்பார். ஒருவரின் துப்பாக்கியை இழக்கிறோம், உண்மைதான். ஆனால் இழந்திருந்த விநாடிகள் திரும்பக் கிடைக்கின்றன.

மூன்றாவது, எண்ணும் பொறுப்பு. ஆறாம் படிவ மாணவர் டிஃப்யூஸ் ஓசை தொடங்கியதும் ஒலிவாங்கியில் “ஒண்ணு” என்று நிதானமாக எண்ணத் தொடங்குவார். அவர் சொல்லும் எண்ணைக் கேட்டே கணை புறப்படும். ஓசை நின்றால் எண்ணிக்கை நிற்கும்; கணையும் நிற்கும். ஒரே ஆள் கேட்டு, கணித்து, குறியும் வைப்பதைவிட இது கணையாளரின் மனத்தை வெகுவாக இலேசாக்கியது.

நான்காவது முடிவு ஸ்பைக்கை நடும் இடம் பற்றியது. திறந்த வெளியில் நட்டால் எதிரி எந்தப் பக்கத்திலும் குனியலாம். பெட்டியை ஒட்டி நட்டால் அவர் நிற்கக்கூடிய பக்கம் குறைகிறது. எனவே பெட்டியோரம் நட்டு, வெடிப்பின் மையம் எஞ்சிய பக்கத்தில் விழுமாறு லைன்-அப்பைத் திருத்தினோம். நடுபவருக்கு இது கூடுதல் ஆபத்து. பாதுகாப்பான மூலையில் நட்டுப் பழகியவர் வேறொரு கோணத்தில் நான்கு விநாடி குனிந்திருக்க வேண்டும். அதற்காக நடும்போது பார்வையை மறைக்கும் புகையை முன்கூட்டியே இறக்குவது என்று ஏற்பாடாயிற்று.

கடைசியாக, கணைகளால் மட்டும் கொல்வது என்ற எண்ணத்தை விட்டோம். முதல் கணை விழுந்ததும், இரண்டாவது புறப்படும் அதே நேரத்தில், எஞ்சிய இருவர் துப்பாக்கியுடன் தளத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். 75 சேதம் வாங்கிய கனக் கவச எதிரிக்கு எஞ்சியிருப்பது 75தான். துப்பாக்கி வேலை பாதியாகிவிடுகிறது.

தொடர்ந்து நடந்தது

அடுத்த போட்டித் தொடர் சில வாரங்களில் வந்தது. காலிறுதியில் புதிய முறை தெளிவாகப் பலித்தது. ஒரு சுற்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். நம்மவர் மூவர், எதிரிகள் இருவர். ஓசை தொடங்கியது, எண்ணிக்கை “ஒண்ணு” என்றதும் ஓசை நின்றது, கணை விடப்படவில்லை. மறுபடி ஓசை. இம்முறை எண்ணிக்கை நிற்கவில்லை, வில் விடுபட்டது, தாழ்வாகப் பறந்த கணை பெட்டியோரம் வெடித்தது, காவல் நின்றவரும் மற்றவரும் எட்டிப் பார்த்து, எழுந்து ஓட முயன்றவரை முதல் குண்டிலேயே வீழ்த்தினர். இரண்டாவது மின்கணை கையிலேயே இருந்தது. பயன்படுத்தாத திறன் அடுத்த சுற்றுக்கும் தங்கும் என்பதால் 150 கிரெடிட்டும் மிச்சமானது. பணம் இறுகும் சுற்றுகளில் இது சிறிய தொகை அல்ல.

அரையிறுதியில் நிலைமை மாறியது. எதிரணி முந்திய ஆட்டத்தைப் பார்த்திருந்தது. ஸ்பைக் நடப்பட்டதும் அவர்கள் தளத்துக்குப் போகாமல், ஏ மெயின் பக்கமாக நேரே கணையாளரைத் தேடி இருவராக வந்தார்கள். காவல் நின்றவர் ஒருவரைச் சுட்டார். அடுத்தவரிடம் இருவரும் வீழ்ந்தனர். கணையாளர் முன்பே எச்சரித்தது இதைத்தான். இதே முறையில் ஆட்டத்தின் அந்தப் பாதியில் பல சுற்றுகள் போயின. அணி ஆட்டத்தை இழந்தது. ஆனால் முந்திய தொடரில் இழந்ததற்கும் இதற்கும் வேறுபாடு இருந்தது: இம்முறை எதிரி மீண்டும் மீண்டும் டிஃப்யூஸ் செய்து வென்றதல்ல, டிஃப்யூஸ் செய்வதற்கே அஞ்சி ஆளைத் தேடி வந்தார். அப்படித் தேடி வர அவருக்கு ஸ்பைக்கின் 45 விநாடியில் கணிசமான பங்கு செலவானது. ஒரு சுற்றில் கணையாளரைக் கொன்ற பிறகும் டிஃப்யூஸுக்கு நேரம் போதாமல் ஸ்பைக் வெடித்து, சுற்று நம் பக்கம் வந்தது.

மாற்றப்படுபவை

ஒரே இடத்திலிருந்து கணை விடுவது இனி இல்லை. குறுகிய லைன்-அப்புக்கு இரண்டாவது இடம் ஒன்றைக் கண்டுபிடித்து, எந்தச் சுற்றில் எது என்பதை நடும் முன் கணையாளரே சொல்வார். நெடுந்தூர லைன்-அப்பையும் முழுவதும் ஒதுக்கவில்லை. நம்மவர் ஒருவரே எஞ்சி, எதிரிகள் பலர் இருந்து, ஸ்பைக் வெடிக்க மிகக் குறைந்த நேரமே இருக்கும்போது அது இன்னும் உதவும். ஏனென்றால் அப்போது எதிரிக்குத் தட்டி ஏமாற்றவோ பாதியில் விட்டுத் திரும்பவோ நேரம் இல்லை. குனிந்தால் குனிந்தபடியே இருக்க வேண்டும்.

ரீகான் போல்ட் என்னும் வேவுக் கணையை நடுவதற்கு முன்பே செலவழிக்கும் பழக்கமும் மாறுகிறது. அதை ஏ மெயினை நோக்கி வருபவரைக் காட்டும் கோணத்தில், நட்ட பிறகு விட வேண்டும் என்று ஐவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எதிரி அதைச் சுட்டு உடைக்கலாம். உடைத்தாலும் அவர் அங்கே இருக்கிறார் என்பது தெரிந்துவிடும். சோவாவின் உச்சத் திறனான ஹண்டர்ஸ் ஃபியூரி கையில் இருக்கும் சுற்றுகளில், சுவரை ஊடுருவி நேர்கோட்டில் பாயும் மூன்று வீச்சுகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் 80 சேதம். அந்தச் சுற்றுகளில் மின்கணைக்கு 300 கிரெடிட் செலவழிக்காமல் அந்தப் பணத்தைக் காவல் நிற்பவரின் கவசத்துக்குச் சேர்த்து வைப்பது என்றும் முடிவாகியுள்ளது.

காவல் நிற்பவரின் பொறுப்பை இனி ஆலையில் வேலை செய்பவர் ஏற்கிறார். நெருக்கச் சண்டையில் அவரே அணியில் வலுவானவர். இரவு ஷிஃப்டு இல்லாத வாரங்களில் மட்டுமே அவர் பயிற்சிக்கு வர முடிகிறது என்பதால், அதற்கேற்ப அடுத்த தொடருக்கான பயிற்சி நாள்கள் திருத்தப்பட்டுள்ளன. கைப்பேசி இணைப்பில் ஆடிவந்த மாணவர் தொடர் நாள்களில் சைபர் கஃபேயிலேயே அமர்வார்.